தைல டிரம்மில் துரு: சுரண்டுவதிலிருந்து மழைக்காலத்துக்குக் காய வைப்பது வரை

தைலம் காய்ச்சுகிறவர்களுக்குத் துரு முதலில் கண்ணில் படுவது டிரம்மில் இல்லை, பாட்டிலில். நீலகிரித் தைலம் தண்ணீர் போல இருக்க வேண்டும். மிஞ்சிப்போனால் வெளிர் மஞ்சள். அது டீத்தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டால் வியாபாரி மூடியைத் திறந்து முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார், விலையைக் குறைத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்.

நீலகிரி மலையில், கோத்தகிரிப் பக்கம் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையை அள்ளி வந்து சின்ன அளவில் வடிக்கிறவன் நான். யூகலிப்டஸ் இந்த மலைக்கு வந்தது 1843 வாக்கில். விறகுக்காகக் கொண்டுவந்த மரம், பிறகு தைலத்துக்கும் ஆனது. என் வாலை, அதாவது வடிக்கிற கலம், 200 லிட்டர் இரும்பு டிரம். அடியில் தண்ணீர், அதற்கு மேல் ஓட்டை போட்ட தட்டு, தட்டின் மேல் இலை, மூடியிலிருந்து செம்புச் சுருள் குழாய் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கும். எலுமிச்சைப் புல், வெட்டிவேர், ஓமத் தீநீர் என்று எதை வடித்தாலும் வீட்டில் கட்டிய வாலை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். சாராயத்துக்கு இதில் வேலை இல்லை. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நான் எழுதுவது இலைக்கும் வேருக்கும் மட்டும்.

முதல் டிரம்மை ஒரு மழைக்காலம் முழுக்க அடியில் ஒரு சாண் தண்ணீரோடு மூடி வைத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் உள்ளே செங்காவிக் குழம்பு. ஒரு நாள் முழுக்கக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கினேன். பெருமையாக நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த வாரம் மறுபடியும் சிவப்பு. தேய்ப்பது பாதி வேலைகூட இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

துரு எப்போது பிடிக்கிறது?

இரும்பு துருப்பிடிக்க நீரும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். 25 டிகிரியில் இருக்கும் தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். கொதிக்க ஆரம்பித்ததும் அது கிட்டத்தட்ட முழுவதுமாக வெளியேறிவிடும். ஆகவே டிரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே துருவுக்குத் தீனி குறைவு. அடுப்பை அணைத்ததும்தான் ஆட்டம். நீராவி குளிர்ந்து சுருங்க, டிரம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சுவரெல்லாம் ஈரம், தகடு இன்னும் வெதுவெதுப்பு, புதுக் காற்று வேறு. துருவுக்கு இதைவிட விருந்து கிடையாது. தண்ணீர் நின்ற மட்டக்கோடும் மூடியின் உள்பக்கமும்தான் முதலில் போகும். மூடியில் வியர்த்துச் சொட்டும் நீரில் இலையிலிருந்து வந்த லேசான அமிலமும் இருக்கும்.

இன்னொன்று. துரு எல்லாம் ஒரே துரு அல்ல. உதிர்கிற சிவப்புத் துரு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு அடியில் உள்ள தகட்டைத் தொடர்ந்து தின்னும். தகட்டோடு ஒட்டிக்கொண்டு, விரலில் ஒட்டாமல், கறுப்பாக இருக்கிற படலம் மேக்னடைட். அது தகட்டுக்குக் காவல். நல்ல பாய்லரின் உள்பக்கம் பளபளப்பாக இருக்காது, கறுப்பாகத்தான் இருக்கும். நான் அந்த முதல் டிரம்மில் சிவப்போடு சேர்த்துக் கறுப்பையும் சுரண்டி எறிந்திருந்தேன்.

முதல் வேலை: டிரம் தேறுமா என்று பார்ப்பது

சுத்தம் செய்ய உட்காரும் முன் இதைப் பாருங்கள். பழைய எண்ணெய் டிரம்களின் தகடு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம்தான். அதில் துரு பாதி தின்றிருந்தால் மீதி நாலைந்து காய்ச்சலுக்குத்தான் தாங்கும்.

டிரம்மைக் காலி செய்து வெயிலில் காய வையுங்கள். இருட்டின பிறகு உள்ளே ஒரு பல்பைத் தொங்கவிட்டு வெளியே சுற்றி வந்து பாருங்கள். ஊசிமுனை ஓட்டை இருந்தால் நட்சத்திரம் மாதிரி மின்னும். அடுத்து சின்னச் சுத்தியலால் சுவரெங்கும் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும், இற்றுப்போன இடம் சொத்தென்று இருக்கும். துருக் கொப்புளங்களைக் குத்தூசியால் குத்திக் கிளப்புங்கள். அடியில் குழி இருக்கும். குழியில் ஊசி மறுபக்கம் போய்விட்டால் டிரம் அவ்வளவுதான். குழிகள் ஒன்றிரண்டு, அதுவும் சுவரில் என்றால் பட்டறையில் ஒட்டுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். தீ நேராகப் படுகிற அடித்தகட்டில் குழி இருந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள். காய்ச்சும் நடுவில் அடி திறந்தால் கொதிநீர் அடுப்பில் கொட்டும். தைலம் தீப்பிடிக்கிற சரக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

பழைய இரும்புக்கடையில் டிரம் வாங்குகிறவர்கள் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். பூச்சிமருந்து, பெயின்ட், தின்னர் இருந்ததெல்லாம் எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். வாயை வெட்டும்போது உள்ளே மிச்சமிருக்கும் ஆவி வெடிக்கும். வெட்டும் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் பட்டறைக்காரர் கை வைக்க வேண்டும். உள்ளே தங்க நிறத்தில் வார்னிஷ் பூச்சு இருந்தால் அதையும் முழுக்க எடுத்துவிட வேண்டும். தைலம் பெயின்ட்டைக் கரைக்கும்.

சுரண்டல்

நாள் கணக்கில் மூடிக் கிடந்த டிரம்முக்குள் உடனே தலையை விடாதீர்கள். துரு உள்ளே இருக்கிற ஆக்சிஜனையே தின்று வைத்திருக்கும். மூடிய பெரிய இரும்புத் தொட்டிகளில் ஆள் மயங்கி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். மூடியைத் திறந்து, படுக்க வைத்து, காற்றாட அரை மணி நேரம் விடுங்கள். துருத்தூள் மூக்கில் ஏறாமல் முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி.

கொப்புளம், செதில், உதிர்கிற செம்பொடி இவற்றை மட்டும் கரண்டியாலும் கம்பி பிரஷ்ஷாலும் எடுங்கள். கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டி ஓட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் தகடும் சீக்கிரம் முடியும். 1 மில்லிமீட்டரில் விளையாட இடமில்லை.

எண்ணெய்ப் பிசுக்கு முதலில், அமிலம் அப்புறம்

பலரும் தவறவிடுகிற படி இது. காய்ச்சின டிரம்மின் சுவரில் இலைப் பிசினும் தைலமும் சேர்ந்து ஒரு படலம் பிடித்திருக்கும். அதன் மேல் அமிலம் ஊற்றினால் திட்டுத் திட்டாகத்தான் தின்னும். ஆகவே முதலில் லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் வாஷிங் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு, துணி சுற்றிய கம்பால் சுவரைத் தேய்த்துக் கொட்டுங்கள். சுவரில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் வழுக்கிப் பரவ வேண்டும். அதுதான் அடையாளம். உங்கள் பாத்திரம் அலுமினியமோ ஜி.ஐ. தகடோ (துத்தநாகம் பூசிய இரும்பு) என்றால் இந்தக் கொதியல் கூடாது, சோடா அவற்றையே கரைக்கும். சொல்லப்போனால் ஜி.ஐ. டிரம்மை வாலைக்கு எடுக்கவே வேண்டாம். இலையின் அமிலத்தில் துத்தநாகம் கரைந்து தண்ணீரில் இறங்கும்.

இனி அமிலம். என் கை மளிகைக்கடை லெமன் சால்ட்டுக்குத்தான் போகும், அதாவது சிட்ரிக் அமிலம். லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். டிரம்மை நிரப்பினால் 10 கிலோ வேண்டும், அது வீண். 20 லிட்டர் வெந்நீரில் 1 கிலோ கரைத்து ஊற்றி, டிரம்மைப் படுக்க வைத்து, கால் மணிக்கு ஒருமுறை கால்வட்டம் உருட்டுங்கள். தண்ணீர் கை பொறுக்காத சூட்டில், 50–60 டிகிரியில் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் சிவப்பு கரையத் தொடங்கும். ஆறிவிட்டால் ராத்திரி முழுக்க ஆகும். துரு போன இடம் சாம்பல் நிறமாகத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். துரு முடிந்ததும் அமிலம் தகட்டைத் தின்னத் தொடங்கும். வாயை இறுக மூட வேண்டாம். அமிலம் இரும்போடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பீடி நெருப்புகூட ஆகாது.

மூடி, வளையம் போன்ற சின்னச் சாமான்களுக்குப் பழைய புளிக்கரைசல் போதும். நம் வீட்டில் பித்தளைக்குப் போடுகிற அதே டார்ட்டாரிக் அமிலம்தான், இரும்பிலும் வேலை செய்யும், மெதுவாக. அவசரமில்லாதவர்கள் கரும்பாலைக் கழிவுப்பாகு ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து ஒரு வாரம், பத்து நாள் ஊற வைக்கலாம். தகட்டைத் தொடாமல் துருவை மட்டும் எடுப்பதில் அதற்கு இணை குறைவு. நாற்றத்துக்கும் ஈக்கும் நான் பொறுப்பில்லை.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டை மட்டும் ஊற்றாதீர்கள். பத்து நிமிடத்தில் துரு போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதிலுள்ள குளோரைடு குழிகளுக்குள் புகுந்துகொண்டு, எத்தனை கழுவினாலும் முழுக்க வெளியே வராது. அடுத்த வாரமே அந்தக் குழியிலிருந்து துரு எட்டிப் பார்க்கும். போதாததற்கு அதன் புகை பட்டுக் கொட்டகையில் இருக்கும் அரிவாள், மண்வெட்டி எல்லாம் சிவந்துவிடும்.

மின்சாரம் வைத்துத் துரு எடுக்கும் முறையும் உண்டு. வாஷிங் சோடா கரைத்த தண்ணீர், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், எதிர்முனை துருப்பிடித்த சாமானுக்கு, நேர்முனை ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கு. குழிக்குள்ளிருக்கும் துருவுக்கு இது நல்லது. நேர்முனையில் எஸ்.எஸ். (எவர்சில்வர்) தகட்டை மாட்டினால் நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும், மாட்டாதீர்கள். சோடாவுக்குப் பதில் உப்புப் போட்டால் குளோரின் வாயு வரும். ஒரு டிரம்முக்கு இவ்வளவு தேவையா என்றால், தேவையில்லை.

அமிலத்தைக் கொட்டியதும் ஓய்வெடுக்கப் போகாதீர்கள். அப்போது தகடு அம்மணமாக இருக்கிறது. ஈரத்தோடு விட்டால் நிமிடங்களில் மஞ்சள் துரு படரும். லிட்டருக்கு 10 கிராம் வாஷிங் சோடா போட்ட வெந்நீரால் அலசி, கொட்டி, டிரம்மைத் தணல் மேல் சாய்த்துக் காய வைத்து உடனே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

கடுக்காய்ப் பூச்சு

என் டிரம் தப்பித்தது இதனால்தான். கடுக்காயில் டானின் நிறைய. டானின் இரும்போடு சேர்ந்தால் கரையாத கருநீலப் பொருள் ஒன்று உண்டாகும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே சங்கதிதான். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் அப்படித்தான்: துணியைக் கடுக்காய் கலந்த பாலில் முக்கி எடுத்து, துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊற வைத்த நீரால் கோடு இழுப்பார்கள். அங்கே துணி, இங்கே தகடு. துருவின் மிச்சத்தையே பூச்சாக மாற்றிவிடுகிறோம்.

உடைத்த கடுக்காய் 1 கிலோ, கொட்டை நீக்கியது, தண்ணீர் 10 லிட்டர். எஸ்.எஸ். அல்லது மண் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு வடிகட்டுங்கள். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் அங்கேயே கறுத்து வீணாகிவிடும். டிரம் வெதுவெதுப்பாக இருக்கும்போது துணியால் ஒரு கை பூசுங்கள். மிச்சத் துரு இருக்கிற இடமெல்லாம் கண்முன்னே கறுக்கும், பார்க்கவே ஒரு சுகம். நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது கை, அடுத்த நாள் மூன்றாவது. அதன் பிறகு வெறும் தண்ணீரை இரண்டு தடவை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்துக் கொட்டுங்கள். முதல் தண்ணீர் மை மாதிரி வரும், பயப்பட வேண்டாம். இரண்டாவது தெளிந்துவிடும். அதற்கப்புறம் இலை போடலாம்.

இந்தப் பூச்சு நிரந்தரமில்லை. எனக்கு ஒரு பருவம் தாங்குகிறது. மட்டக்கோட்டிலும் மூடியிலும் இடையில் ஒருமுறை தொட்டுப் பூச வேண்டியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு காய்ச்சலிலும் கறுப்புப் படலம் தானாகவும் கெட்டிப்படும். இரண்டு வருடம் ஓடிய டிரம்மைப் புது டிரம்மோடு மாற்றிக் கொள்ள மாட்டேன்.

தோசைக்கல்லைப் பழக்குவது போல எண்ணெய் தடவிக் காய்ச்சினால் ஆகாதா என்று கேட்பார்கள். நானும் செய்து பார்த்தேன். கல்லில் அது நிற்கும், ஏனென்றால் கல் நீரில் கொதிப்பதில்லை. டிரம்மில் இரண்டாம் காய்ச்சலிலேயே உரிந்து, தைலத்தில் பொரித்த எண்ணெய் வாடை வந்தது. அந்த நாலு பாட்டில் வீட்டு முழங்கால் வலிக்கே போனது. கடையில் விற்கும் துரு மாற்றித் திரவங்களில் பலவற்றில் பிளாஸ்டிக் பிசின் கலந்திருக்கும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அவை நல்லவை, கொதிக்கிற தைலத்துக்கு அல்ல.

தண்ணீரும் செம்பும்

போர் தண்ணீரில் உப்பு அதிகம் இருந்தால் குளோரைடு குழி பறிக்கும், சுண்ணாம்பு அடியில் படிந்து தகட்டைச் சூடேற்றும். மழைநீர் பிடித்து வைக்க முடிந்தால் அதுவே மேல். எதுவானாலும், இலை அடுக்கும் முன் மூடியைத் திறந்து வைத்துத் தண்ணீரைக் கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். கரைந்திருக்கும் ஆக்சிஜன் போய்விடும். விறகு கொஞ்சம் செலவாகும், தகடு மிஞ்சும்.

நீராவிக்குத் தனி பாய்லர், இலைக்குத் தனி டிரம் என்று வைத்திருப்பவர்கள் பாய்லர் தண்ணீரில் மட்டும் கொஞ்சம் வாஷிங் சோடா கரைத்து பி.எச். 10.5–11 அளவில் வைத்துக்கொள்ளலாம்; காரத்தில் இரும்பு அமைதியாக இருக்கும். அளவு மீறினால் நுரைத்து, துருவும் சோடாவும் நீராவியோடு இலைக்குப் போகும். என் டிரம் மாதிரி இலையும் நீரும் ஒன்றாக இருக்கும் வாலையில் சோடாவே கூடாது, காரம் பல தைலங்களின் மணத்தைக் கெடுத்துவிடும். தனி பாய்லர்காரர்களுக்கு இன்னொரு சொல்: நீராவி போகிற வழியை அடைத்து அழுத்தம் ஏற்றாதீர்கள். 25 லிட்டருக்குக் குறையாத பாத்திரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தமும் அதற்கு மேலும் என்றால் அது பாய்லர் சட்டத்துக்குள் வந்துவிடும். துரு தின்ற தகட்டில் அழுத்தம் வைப்பது வெடி வைப்பதுதான்.

செம்புச் சுருளை நேராக இரும்பு மூடியில் திருகினால், ஈரம் இருக்கும் வரை இரண்டும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி. தேய்வது இரும்புதான். இணைப்பில் டெஃப்லான் டேப்பும் வாஷரும் வைத்து இரண்டும் தொடாமல் பாருங்கள். சுருளிலிருந்து சொட்டும் நீர் டிரம்முக்குத் திரும்பாதபடி குழாய் மூடியைவிட்டதும் கீழ்நோக்கிச் சரிய வேண்டும். செம்பு கரைந்து இரும்பின் மேல் படிந்தால் அந்த இடத்தில் குழி நிச்சயம்.

அடுப்பை அணைத்த பின் அரை மணி நேரம்

தினசரி வேலையில் இதைத்தான் விடாமல் செய்ய வேண்டும். வடிப்பு முடிந்ததும் களைப்பாக இருக்கும், நாளைக்குப் பார்ப்போம் என்று தோன்றும். அந்த ஒரு ராத்திரிதான் துருவுக்கு வேண்டும்.

தீயை இழுத்துவிட்டு, ஆவி அடங்கியதும் மூடியைத் திறவுங்கள். மூடியைத் திறக்காமல் குழாய்களை எல்லாம் அடைத்துவிட்டுப் போனால் இன்னொரு கூத்து நடக்கும்: உள்ளே ஆவி குளிர்ந்து வெற்றிடம் உண்டாகி, டிரம் காகிதக் கோப்பை மாதிரி நசுங்கும். இலையைக் கவைக்கோலால் வாரி வெளியே தள்ளுங்கள், தண்ணீரைச் சூடாக இருக்கும்போதே அடிக் குழாய் வழியாக இறக்குங்கள். ஒரு வாளி வெந்நீரால் சுவரை அலசுங்கள். பிறகு அடுப்பில் மிச்சமிருக்கும் தணல் சூட்டிலேயே பத்து நிமிடம் காயட்டும். தணல்தான், தீ அல்ல. வெறும் டிரம்முக்கு அடியில் தீ எரிந்தால் தகடு வளையும். மூடியைத் துடைத்துத் தனியே சாய்த்து வையுங்கள், டிரம்மின் மேல் போடாதீர்கள். அடிக் குழாய் திறந்தே இருக்கட்டும்.

மலையில் ஜூனில் ஆரம்பித்து டிசம்பர் வரை காற்றே ஈரம். அந்த மாதங்களில் காய்ச்சல் இல்லாமல் நிறுத்துவதானால், காய்ந்த டிரம்முக்குள் ஒரு மண்சட்டியில் 1 கிலோ சுட்ட சுண்ணாம்புக்கல்லை வைத்து, எல்லா வாயையும் இறுக மூடிவிடுங்கள். கல் ஈரத்தைக் குடித்துப் பொடியாகும். அப்போது அது ஊதிப் பெருக்கும், ஆகவே சட்டியில் பாதி அளவுக்கு மேல் போடக் கூடாது. மாதம் ஒருமுறை பார்த்து, பொடியாகியிருந்தால் மாற்றுங்கள். கல்லின் மேல் தண்ணீர் சொட்டினால் கொதித்துச் சிதறும், கை கண் பத்திரம். ஒன்று, டிரம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கொதித்து ஆறிய நீரால் விளிம்பு வரை நிரம்பி மூடியிருக்க வேண்டும். பாதித் தண்ணீர்தான் எல்லாவற்றிலும் மோசம்.

தைலம் ஏற்கெனவே நிறம் மாறிவிட்டால்

கொட்ட வேண்டாம். 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் லெமன் சால்ட் கரைத்து, தைலத்தோடு கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் கலக்குங்கள். ராத்திரி முழுக்க நிற்க விட்டால் இரும்பு தண்ணீருக்கு இறங்கிவிடும், தைலம் மேலே வெளுத்து நிற்கும். மேல்பகுதியை எடுத்து, வெறும் தண்ணீரால் ஒருமுறை அலசிப் பிரியுங்கள். இந்தோனேசியாவில் இரும்பு டிரம்மில் வடித்த பச்சோலி என்ற வாசனை இலைத் தைலம் கறுத்து வரும்போது அங்கும் இப்படித்தான் தெளிய வைக்கிறார்கள். நிறம் மீளும், துருவோடு சேர்ந்து ஆக்சிஜன் கெடுத்த மணம் மீளாது. நீலகிரித் தைலம் இதில் கொஞ்சம் பொறுமைசாலி. எலுமிச்சைப் புல் தைலம் அப்படியில்லை. கிராம்பு, ஓமம் இரண்டும் இரும்பைக் கண்டாலே கறுக்கும். அவற்றை வடிப்பவர்கள் இரும்பு டிரம்மோடு இவ்வளவு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை, எஸ்.எஸ். வாங்கிவிடலாம்.

எஸ்.எஸ். வாங்கினால் 304 ரகம், 1.5 மில்லிமீட்டருக்குக் குறையாத தகடு. அதிலும் துரு வரும், பெரும்பாலும் வெல்டிங் ஓரத்தில். அதைத் தேய்க்க இரும்புக் கம்பி பிரஷ்ஷை எடுத்தால் இரும்புத் துகள் எஸ்.எஸ். தகட்டில் பதிந்து அந்தத் துகளே துருப்பிடிக்கும். மேலே சொன்ன லெமன் சால்ட் கரைசலைச் சூடாகத் துணியில் நனைத்து அந்த ஓரத்தில் ஒரு மணி நேரம் ஒட்டி வைத்து அலசினால் போதும். என் பழைய பிரஷ்ஷை இப்போது எஸ்.எஸ். பக்கமே கொண்டுபோவதில்லை.